பருந்து அடித்த பிறகு கர்ணப் புறாக் கூட்டத்தை மீண்டும் பெருக்குவது எப்படி

கர்ணப் புறா என்பது பறக்கும்போதே ஆகாயத்தில் கர்ணம் (குட்டிக்கரணம்) அடித்து உருளுகிற புறா. சிங்கப்பூரில் புதிதாக அதை வளர்ப்பவர் இரண்டு மூன்று புறாவைப் பறிகொடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, பருந்தை எப்படி விரட்டுவது என்பதுதான். விரட்ட முடியாது. சாப்பாடு கிடைத்த கூரைக்கு அது திரும்பத் திரும்ப வரும், கிடைக்காமல் போனால்தான் வேறு இடம் பார்க்கும். அதனால் இன்றைக்கே கூண்டை மூடுங்கள். குறைந்தது இரண்டு வாரம் ஒரு புறாகூட வெளியே போகக் கூடாது. பறக்காமல் இருந்தால் கர்ணம் மறந்துவிடுமே, உடம்பு பெருத்துவிடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். மறக்காது, அது ரத்தத்தில் இருப்பது. உடம்பு பெருத்தால் தீனியைக் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம். போன புறாவைத்தான் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கவண், பொறி, விஷம் எதையும் நினைத்தே பார்க்காதீர்கள். 2020-ல் திருத்தி நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டு உயிரைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம், அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்தப் பறவை தன் வயிற்றுக்கு வேட்டையாடுகிறது, அதன்மேல் நமக்கு என்ன கோபம்? தப்பித்தவறி கூண்டுக்குள் ஒன்று புகுந்துவிட்டால் புறாக்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள், போய்விடும். அடிபட்டுக் கிடந்தால் காட்டு உயிர்களையும் கவனிக்கிற தேசியப் பூங்காக் கழகத்துக்குச் (NParks) சொல்லுங்கள்.

சரி, அடித்தது எது? இதைத் தெரிந்துகொள்ளாமல் என்ன செய்தாலும் பாதி வேலைதான். வானத்தில் வட்டமடிக்கிற எல்லாவற்றையும் பார்த்துப் பதற வேண்டாம். நீர்த்தேக்கத்துப் பக்கம் சுற்றுகிற செம்பருந்தும் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகும் பெரும்பாலும் மீனுக்கும் செத்த உயிருக்கும் அலைபவை, பறக்கிற புறாவை அவை துரத்துவது அபூர்வம். நமக்கு எமன்கள் இரண்டு வகை. ஒன்று பைரி. உயரத்திலிருந்து சிறகை ஒடுக்கிக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்வது. மலை முகட்டில் வாழ்கிற பறவைக்கு நகர மையத்து ராஃபிள்ஸ் பிளேஸின் உயரமான கட்டடங்களும் ஒரு முகடுதான், அங்கே அது உட்கார்ந்திருப்பதைப் பறவை பார்ப்பவர்கள் படம் பிடித்திருக்கிறார்கள். இன்னொன்று வல்லூறு. இதிலேயே தலையில் சின்னக் கொண்டை வைத்த பெரிய வகை ஒன்று நம் பூங்காக்களில் கூடு கட்டி வருஷம் முழுக்க இங்கேயே இருக்கிறது. ஜப்பானிய வல்லூறு என்கிற சிறியது வடக்கிலிருந்து வலசை வந்து போகும், அது பெரும்பாலும் சின்னப் பறவைகளைத்தான் பிடிக்கும் என்றாலும் அதைப் பார்த்த கூட்டம் மிரண்டு சிதறிவிடும்.

இரண்டும் வேட்டையாடும் விதம் வேறு. புறா ஆகாயத்தில் உயரத்தில் இருக்கும்போதே கூட்டம் வெடித்துச் சிதறி, ஒன்று காணாமல் போய், தரையில் ஓர் இறகுகூட இல்லை என்றால் அது பைரி. கூரையில் உட்கார்ந்திருக்கும்போதோ இறங்கும்போதோ போய், பக்கத்தில் ஓரிடத்தில் வட்டமாக இறகு பிய்த்துப் போட்டிருந்தால் அது வல்லூறு. தூங்குமூஞ்சி மரத்திலோ அங்சானா மரத்திலோ இலைக்குள் மறைந்து காத்திருந்து, தாழப் பறந்து வந்து அடிப்பது அது.

வல்லூறுக்கு மருந்து உங்கள் கையில் இருக்கிறது. புறா இறங்கியதும் கூரையில் நின்று சிறகு கோதிக்கொண்டு, இங்கும் அங்கும் நடந்துகொண்டு நேரம் போக்குகிற அந்தப் பத்து நிமிஷம்தான் அதற்கு வேண்டியது, அதைக் கொடுக்காதீர்கள். தீனி வயிற்றோடு ஒருபோதும் பறக்கவிடக் கூடாது. பறந்து முடித்து உள்ளே வந்தால்தான் சாப்பாடு என்பது குஞ்சிலேயே பழக வேண்டும். ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் சோளம் போட்டுக் குலுக்குங்கள், தினமும் அதே டப்பா, அதே சத்தம், தீனி வைக்கும்போது மட்டும். சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து உள்ளே ஓடுகிற கூட்டமாக அது ஆக வேண்டும். நுழைவாயிலில் உள்பக்கமாக மட்டும் தள்ளித் திறக்கிற தொங்குகம்பி வைத்துவிட்டால் உள்ளே போனது திரும்ப வெளியே வராது. இறங்கு பலகையை மரம் இல்லாத பக்கமாகத் திருப்பி வையுங்கள், சாலையோர மரத்தை நாம் வெட்ட முடியாது.

பைரிக்கு அப்படி மருந்து இல்லை, காலம்தான் இருக்கிறது. வலசைப் பறவைகள் செப்டம்பர் வாக்கில் வர ஆரம்பித்து ஏப்ரல் வரை இருக்கும். கர்ணம் அடித்துக்கொண்டே கீழே விழுகிற புறா பைரியின் கண்ணுக்கு அடிபட்டு விழுகிற இரையாகத்தான் தெரியும், நாம் எந்த அழகுக்காக வளர்க்கிறோமோ அதுவே அதற்கு அழைப்பு. அதனால் அந்த மாதங்களில் நல்ல புறாக்களைப் பறக்கவிடாதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. வாரம் ஒரு நாளாவது விடலாமே என்பார்கள். அந்த ஒரு நாளில் போவது உங்களுடைய மிகச் சிறந்த புறாவாக இருக்கும், ஏனென்றால் அதிக ஆழத்துக்கு உருண்டு கூட்டத்தைவிட்டுக் கீழே தனியாக நிற்பது அதுதான். மே முதல் ஆகஸ்ட் வரையுள்ள மாதங்கள் நமக்கு. அப்போதும் தினம் ஒரே நேரத்தில் விடாதீர்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், நேரத்தை மாற்றி மாற்றி விடுங்கள். விடிகாலையில் மேற்கிலிருந்து திடீரென்று மழையோடு வீசுகிற சுமத்ராக் காற்று வருகிற மாதங்களும் இவைதான் என்பதால் மேற்கே கறுத்திருந்தால் கூண்டைத் திறக்கவே வேண்டாம்.

கதவைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வெளியே நின்று காது கொடுத்துக் கேளுங்கள். மைனாக்கள் திடீரென்று ஒரு மாதிரி கரகரத்துக் கத்திவிட்டு அடங்கினாலும், காக்கைகள் கூட்டமாக எதையோ துரத்திக்கொண்டு போனாலும் அன்றைக்கு வேண்டாம். உங்கள் புறாக்களே சொல்லும்: தலையை ஒருக்களித்து ஒற்றைக் கண்ணை வானத்துக்குக் காட்டி, உடம்பை ஒடுக்கி, ஆணி அடித்ததுபோல் அசையாமல் நிற்கும். நமக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாத ஒன்றை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் ஆந்தை, தொங்குகிற சிடி, பளபளக்கிற நாடா எல்லாம் சில நாள் உதவும், அப்புறம் வல்லூறு அந்த ஆந்தை பக்கத்திலேயே வந்து உட்காரும். காசைக் கம்பி வலையில் போடுங்கள்.

வலை என்றதும் கோழி வலையை வாங்காதீர்கள். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் வேண்டும், வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளி விட்டு இன்னொரு அடுக்கு. ஓட்டை பெரிதாக இருந்தால் வல்லூறு வெளியே தொங்கிக்கொண்டே காலை விட்டு, மிரண்டு வலையில் மோதுகிற புறாவைப் பிடித்துவிடும். இரவுக்கு வேறு பகை இருக்கிறது: கூரை வழியே வரும் மரநாய், வடிகாலிலிருந்து ஏறி வரும் மலைப்பாம்பு, எலி. பாம்பின் குட்டி நுழைகிற இடைவெளி உங்கள் கட்டைவிரல் அளவு போதும், கதவின் அடிப்பக்கத்தை விரலை விட்டுப் பாருங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர் யாராவது தாழ்வாரத்தில் கூண்டு வைக்க நினைத்தால், வேண்டாம். தரைவீடு இருந்தாலும் பலகை வாங்குவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவையிடம் விதிமுறையையும் உரிமத்தையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை. அவருடைய கூரையில்தான் மிரண்ட புறா உட்காரப்போகிறது.

அடிபட்டுத் திரும்பி வந்த புறாவை உடனே தனியாக, இருட்டான அட்டைப்பெட்டியில் வையுங்கள். முதலில் கழுத்தடியில் இருக்கிற தீனிப்பையைப் பாருங்கள். தண்ணீர் குடித்ததும் மார்பு நனைந்தால் பை கிழிந்திருக்கிறது, தையல் போட வேண்டும், பறவை பார்க்கிற மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள். வால் முழுக்கப் பிடுங்கப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம், வேரோடு போன இறகு சில வாரத்தில் முளைத்துவிடும். பாதியில் முறிந்த இறகுதான் அடுத்த இறகுதிர்ப்பு வரை அப்படியே நிற்கும். உயிர் பிழைத்து வந்ததை மறுபடி பறக்கவிடாமல் ஜோடி போட வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கூட்டத்தைப் பெருக்குவது. பறக்கிற புறா வேறு, குஞ்சு பொரிக்கிற புறா வேறு. இந்த ஒரு பிரிவினை இருந்தால் எத்தனை முறை பருந்து அடித்தாலும் உங்கள் கூட்டம் அழியாது. நல்ல நான்கு ஜோடியைத் தனி அறையில் வையுங்கள், அவை ஒருநாளும் வானம் பார்க்க வேண்டாம். கைவசம் இருப்பதில் கர்ணம் சுத்தமாக அடித்து, கூட்டத்தோடு சேர்ந்து பறந்து, சொன்ன நேரத்தில் உள்ளே வந்த புறாக்களாகத் தேர்ந்தெடுங்கள். அதிகம் உருண்டு கூரையில் மோதுகிற புறா எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜோடி போடாதீர்கள். புதுப் புறா வாங்கினால் ஒரு மாதம் தனிக் கூண்டில் வைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், இறக்குமதி அனுமதியில்லாமல் பறவை கொண்டுவருவது குற்றம், நோயும் கூடவே வரும்.

பறக்கவிடாத அக்டோபரிலேயே ஜோடி சேருங்கள். முதல் முட்டைக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு நாள், அடைகாப்பு 18 நாள். முதல் சில நாள் தாய் தகப்பன் இரண்டும் தீனிப்பையில் சுரக்கிற பாலைக் கொடுக்கும், ஏழு எட்டு நாளில் காலில் வளையம் மாட்டிவிட வேண்டும், விட்டால் நுழையாது. குஞ்சு இருக்கிற ஜோடிக்குப் பச்சைப்பயறும் பட்டாணியும் கூட்டுங்கள், சிப்பித்தூள் எப்போதும் இருக்கட்டும். தேக்கா சந்தைப் பக்கமே பயறு, கம்பு, சோளம், முழுக்கோதுமை எல்லாம் கிடைக்கும். மழை மாதங்கள் என்பதால் தரை ஈரமாக இருக்கவே கூடாது, ஈரத்தில் குஞ்சுக்குக் கழிச்சல் வரும், அது பருந்தைவிட மோசம். ஓர் ஈட்டுக்கு நான்கு ஜோடியில் எட்டுக் குஞ்சு கணக்கு, ஆனால் ஐந்து ஆறு என்று எதிர்பாருங்கள். மூன்று ஈடு எடுத்ததும் சேவலையும் பெட்டையையும் பிரித்து ஓய்வு கொடுங்கள்.

ஒரு மாதத்தில் பிரிக்கிற குஞ்சுகளைக் கூரைமேல் ஒரு வலைப்பெட்டியில் தினமும் கொஞ்ச நேரம் வைத்துச் சுற்றுப்புறத்தைப் பார்க்கவிடுங்கள். டப்பாச் சத்தத்துக்கு அங்கிருந்து உள்ளே இறங்கப் பழகிய பிறகு, ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம், பசியோடு, காற்று இல்லாதபோது பெட்டியைத் திறந்து வையுங்கள். துரத்தாதீர்கள், கையைத் தட்டாதீர்கள், தானாக எழும்பட்டும். கர்ணம் சிலதுக்கு மூன்று நான்கு மாதத்திலேயே வரும், சிலதுக்கு ஒரு வருஷம் ஆகும், அதற்குள் உருளவில்லை என்று எதையும் கொடுத்துவிடாதீர்கள். முதல் வருஷம் கர்ணத்தை எண்ண வேண்டாம், எத்தனை சீக்கிரம் உள்ளே வருகின்றன என்று மட்டும் பாருங்கள். டப்பா குலுக்கி ஒரு நிமிஷத்துக்குள் கூரை காலியாகிவிட்டால் அடுத்த நாள் கொஞ்சம் கூடுதல் நேரம் பறக்கவிடலாம்.