அந்த 28.5 டிகிரி உச்சியை நம்பாதீர்கள்: மென்படலம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவி தன் சூரிய செல் படலத்தின் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காட்டும் அளவீடு) வரைபடத்தைக் கொண்டுவந்து, "ஒரே ஃபேஸ்தான் சார், வேற எதுவும் இல்லை" என்றார். அதாவது, படலத்தில் ஒரே சேர்மம்தான் என்று. எட்டு வருடங்களுக்கு முன் நானும் இதே வரைபடத்தை இதே சந்தோஷத்தோடு என் வழிகாட்டியிடம் நீட்டியவன்தான். கண்ணாடியைக் கழுவுவது, கையுறை போடுவதை எல்லாம் எல்லாரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எக்ஸ்ஆர்டியை மட்டும் வைத்து முடிவு கட்டுவது

செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த சிஇசட்டிஎஸ் படலத்தின் பெரிய உச்சி 28.5 டிகிரி அருகே வரும். துத்தநாக சல்ஃபைடின் உச்சியும் அங்கேதான், செம்பு வெள்ளீய சல்ஃபைடின் உச்சியும் அங்கேதான். மூன்றின் படிக அமைப்பும் ஒரே அச்சு. செம்பில் 29 எலக்ட்ரான், துத்தநாகத்தில் 30. எக்ஸ் கதிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றும் கலந்து கிடந்தாலும் வரைபடம் சுத்தமாகவே தெரியும்.

இதை நம்பி ஆறு மாதம் சூரிய செல் செய்தேன். மின்னழுத்தம் ஏறவே இல்லை. படலத்தின் மேல் வரும் கேட்மியம் சல்ஃபைடு அடுக்கின் குளியலை மாற்றினேன், அடியில் மின்முனையாக இருக்கும் மாலிப்டினத்தைப் புதிதாகப் போட்டேன். கடைசியில் ராமன் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துச் சேர்மத்தை அடையாளம் காணும் அளவீடு) எடுத்தால், சிஇசட்டிஎஸ்ஸின் 338 அலைஎண் உச்சிக்கு இரண்டு பக்கமும் 303, 355 உச்சிகள் நின்றன. செம்பு வெள்ளீய சல்ஃபைடு! அதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) சுமார் 1 எலக்ட்ரான் வோல்ட், சிஇசட்டிஎஸ்ஸுக்கு 1.5. மின்னழுத்தத்தைக் கீழே இழுத்தது அதுதான். காரணம், என் கரைசலில் துத்தநாகம் குறைவு. அரை மணி நேர அளவீடு ஒன்று ஆறு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும். இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

சரி, துத்தநாகத்தைக் கூட்டினால் போதுமா? நல்ல செல்கள் துத்தநாகம் சற்று மிகுந்தும் செம்பு சற்றுக் குறைந்தும்தான் வருகின்றன. ஆனால் மிஞ்சும் துத்தநாகம் சல்ஃபைடாக ஒதுங்கும். 532 நானோமீட்டர் பச்சை லேசருக்கு அது சரியாகத் தெரியாது. 325 நானோமீட்டர் புற ஊதா லேசர் வேண்டும். அதனால் இரண்டு லேசரிலும் பாருங்கள்.

சூடேற்றும் முன் எடுத்த உலோக விகிதத்தை எழுதுவது

500 டிகிரிக்கு மேல் வெள்ளீயம் சல்ஃபைடாக ஆவியாகிவிடும். மூடிய பெட்டிக்குள் கந்தகத்தோடு கொஞ்சம் வெள்ளீயப் பொடியும் வையுங்கள். விகிதத்தைச் சூடேற்றிய பின் மறுபடி அளந்துவிடுங்கள்.

பிடித்த ஆற்றல் இடைவெளியைத் தேர்ந்தெடுப்பது

ஒளி உறிஞ்சல் வரைபடத்தில் நேரடி, மறைமுகம் என இரண்டு கோடு வரைந்து, கிடைக்கும் இரண்டு விடையில் வசதியானதை எடுக்காதீர்கள்.

ஷெரர் சமன்பாடு

எக்ஸ்ஆர்டி உச்சியின் அகலத்தை வைத்துப் படிகத்தின் அளவைக் கணக்கிடும் இதை, கருவியால் வரும் அகலத்தைக் கழிக்காமல் போட வேண்டாம்.

மாலிப்டினத்தின் மேல் கந்தகத்தை அளப்பது

ஈடிஎக்ஸில் (வெளிவரும் எக்ஸ் கதிரின் ஆற்றலை வைத்துத் தனிமங்களை அளக்கும் முறை) கந்தகத்தின் கோடு 2.31, மாலிப்டினத்தின் கோடு 2.29 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கருவியால் பிரிக்க முடியாது. கந்தகம் அதிகமாகக் காட்டும். நான் ஒவ்வொரு முறையும் வெறும் கண்ணாடித் துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படலம் போடுகிறேன். கந்தகத்தை அதில்தான் அளக்கிறேன்.