மின்தடைக்கு நடுவே ரெஜிஸ்ட்ரி: வீட்டுக் கணினியில் காப்பும் பழுதுநீக்கமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் எங்களுக்கு 2023ஆம் ஆண்டு லோட் ஷெடிங் அட்டவணையோடுதான், அதாவது பகுதிவாரியாக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் அட்டவணையோடுதான் விடிந்தது. அந்த ஆண்டின் ஒரு மாலையில், கோயில் தமிழ் வகுப்புக்குப் பாடங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. இரண்டு மணி நேரத்துக்குப் பின் அது திரும்பியது. கணினியோ சி0000218 என முடியும் பிழை எண்ணைக் காட்டி நீலத் திரையில் நின்றுவிட்டது. ரெஜிஸ்ட்ரிக் கோப்பை ஏற்ற இயலவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள். அன்று பட்ட பாட்டில் கற்றவற்றை, விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டுக்கும் பொருந்துமாறு இங்கே எழுதுகிறேன்.

விண்டோஸும் அதில் நிறுவிய மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளமே ரெஜிஸ்ட்ரி. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் சிறிய அளவில் தொடங்கி, முன்பு ஐஎன்ஐ கோப்புகளில் சிதறிக் கிடந்த அமைப்புகளுக்கெல்லாம் விண்டோஸ் 95 காலத்தில் அது பொது இடமாயிற்று. பார்வைக்கு ஒரே மரமாகத் தெரிந்தாலும் வட்டில் அது பல கோப்புகளாகவே இருக்கிறது. விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்று சென்றால் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் என்னும் ஐந்து முதன்மைக் கோப்புகளைக் காணலாம்; இவை ஒவ்வொன்றையும் ஹைவ் என்பார்கள். ஒவ்வொரு பயனருக்கும் உரிய அமைப்புகள் அவரவர் கோப்புறையில் என்டியூசர்.டாட் என்ற மறைகோப்பில் இருக்கின்றன. நாம் செய்யும் மாற்றங்கள் முதலில் நினைவகத்திலும், அவற்றைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பிலும் (லாக்) தங்கி, பின்னரே ஹைவுக்குள் செல்கின்றன. ஆகவே மின்சாரம் திடீரென்று போனாலும் அடுத்த தொடக்கத்தில் பதிவுக் கோப்பைக் கொண்டு விண்டோஸ் பெரும்பாலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. ஹைவோடு பதிவுக் கோப்பும் பழுதுபட்டிருந்தால் அது வழி தெரியாமல் நிற்கும்.

பராமரிப்பு என்றதும் பலரும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் இலவச மென்பொருளைத் தேடிப் போகிறார்கள். வேண்டாம் என்பதே என் முடிவு. அத்தகைய கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருக்கிறது. லட்சக்கணக்கான பதிவுகள் உள்ள இடத்தில் சில நூறு பழைய பதிவுகளை நீக்குவதால் கணினி வேகம் பெறாது. தவறான ஒன்றை நீக்கினால் சிக்கல் மட்டும் நிச்சயம். ஒருமுறை என் தம்பி மகன், "பெரியப்பா, நூற்றுக்கணக்கான பிழை காட்டியது, எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன்" என்று பெருமையோடு வந்து சொன்னான். அன்று மாலை எந்தப் பாடக் கோப்பைத் திறந்தாலும், எந்த மென்பொருளால் திறப்பது என்று கணினி என்னையே திருப்பிக் கேட்டது. பையனைக் கோபிக்க மனம் வரவில்லை.

செய்ய வேண்டியவை இரண்டே: மின்சாரம் சட்டென்று அறுபடாமல் பார்த்துக்கொள்வது, நல்ல நிலையில் இருக்கும்போதே நகல் வைத்துக்கொள்வது. முதலாவதற்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று போதும். கணினியை இரண்டு மணி நேரம் ஓட்ட அது தேவையில்லை. வேலையைச் சேமித்து முறைப்படி நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் கிடைத்தால் போதுமானது. யூபிஎஸ் இல்லாதவர்கள் அட்டவணை நேரத்துக்குக் கால் மணி முன்பே கணினியை நிறுத்திச் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். மின்சாரம் திரும்பும் கணத்தில் மின்னழுத்தம் எகிறுவதுண்டு. எங்கள் தெருவில் அப்படிப் போன தொலைக்காட்சிப் பெட்டிகள் சில.

நகலெடுப்பதில் முதலிடம் மீட்புப் புள்ளிக்கே. தொடக்கப் பட்டியலில் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்' என்று தேடித் திறந்து, சி வட்டுக்கு எதிரே பாதுகாப்பு 'ஆன்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள்; பல கணினிகளில் அது அணைந்தே கிடக்கிறது. அதை இயக்கி, புதிய மென்பொருளையோ, கருவிகளை இயக்கும் டிரைவரையோ நிறுவும் முன் ஒரு புள்ளியை உருவாக்குங்கள். மீட்கும்போது ரெஜிஸ்ட்ரியும் கணினிக் கோப்புகளும் அந்த நாளின் நிலைக்குத் திரும்பும். உங்கள் ஆவணங்களும் படங்களும் மாறாமல் இருக்கும்.

இரண்டாவது, கைவைக்கப்போகும் பகுதியை மட்டும் தனியே நகலெடுப்பது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் பெட்டியில் regedit என்னும் ஏழு ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்தால் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் திறக்கும். பழகுவதற்கு நம் தமிழ் விசைப்பலகையே நல்ல எடுத்துக்காட்டு. கரன்ட் யூசர் கிளையில் 'கீபோர்டு லேஅவுட்', அதற்குள் 'ப்ரீலோட்' என்று சென்றால், என் கணினியில் 1க்கு எதிரே 00001சி09 என்றும் 2க்கு எதிரே 00000449 என்றும் இருக்கின்றன. முன்னது தென்னாப்பிரிக்க ஆங்கிலம், பின்னது தமிழ். 'ப்ரீலோட்' மேல் வலச்சொடுக்கி 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, தேதியிட்ட பெயரில் சேமியுங்கள். விசைப்பலகையை மாற்ற வேண்டுமானால் அதற்குரிய அமைப்புப் பக்கத்தில் மாற்றுவதே முறை. இங்கே பார்த்துப் பழகினால் போதும். சேமித்த கோப்பை இருமுறை சொடுக்கினால் பழைய மதிப்புகள் திரும்பும். ஆனால் இடையில் புதிதாகச் சேர்ந்தவற்றை அது நீக்காது. முழு மரத்தையும் இப்படி நகலெடுத்து வைத்துப் பயனில்லை, ஏனெனில் விண்டோஸ் ஓடும்போது பயன்பாட்டில் பூட்டப்பட்டிருக்கும் கிளைகளின் மேல் அதை எழுத முடியாது.

மூன்றாவது, பலர் அறியாதது. கான்ஃபிக் கோப்புறைக்குள் 'ரெக்பேக்' என்னும் கோப்புறையில் முன்பெல்லாம் ஹைவ்களின் நகலை விண்டோஸ் தானே எடுத்து வைத்தது. விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பு முதல் அக்கோப்புகளின் அளவு வெறும் சுழியம். அந்த வசதி திரும்ப வேண்டுமானால் லோக்கல் மெஷின் கிளையில் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர், கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்ற வரிசையில் இறங்கி, 'எனேபிள் பீரியாடிக் பேக்கப்' என்ற பெயரை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் இட்டு டிவேர்டு (DWORD) என்னும் எண் வகையில் ஒரு மதிப்பை உருவாக்கி, அதற்கு 1 என்று கொடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். சில நாள் கழித்து அந்தக் கோப்புகளின் அளவைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

இனி பழுது. கணினி தொடங்குகிறது, ஆனால் உங்கள் கோப்புகள் எதுவும் இல்லாத வெற்றுத் திரை வந்து, தற்காலிகக் கணக்கில் நுழைந்திருப்பதாகச் சொல்கிறது என்றால் அஞ்ச வேண்டாம். நிர்வாகி உரிமையுள்ள வேறொரு கணக்கில் நுழைந்து, லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன், ப்ரொஃபைல் லிஸ்ட் என்று செல்லுங்கள். ஒரே நீண்ட எண் இரண்டு முறை இருந்து, அவற்றில் ஒன்றின் வாலில் '.பேக்' (.bak) என்று ஒட்டியிருந்தால் அதுவே உங்கள் உண்மைக் கணக்கு. ப்ரொஃபைல் லிஸ்ட் முழுவதையும் நகலெடுத்த பின், வாலில்லாத எண்ணுக்கு வேறொரு வால் ஒட்டி ஒதுக்கிவையுங்கள். மற்றதன் வாலை நீக்குங்கள். அதற்குள் 'ஸ்டேட்', 'ரெஃப்கவுன்ட்' என்னும் மதிப்புகள் இருந்தால் அவற்றைச் சுழியமாக்கி மறுதொடக்கம் செய்யுங்கள்.

கணினி தொடங்கவே மறுத்தால், இரண்டு மூன்று முறை தோற்ற பின் மீட்புத் திரை தானாக வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகச் சென்று முதலில் மீட்புப் புள்ளியை முயலுங்கள். என் நீலத் திரை அன்று இதிலேயே தீர்ந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும் என்பதால், அதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

அதுவும் கைகொடுக்காவிட்டால் அதே திரையிலுள்ள கட்டளைச் சாளரத்தைத் திறங்கள். அங்கே விண்டோஸ் இருக்கும் வட்டின் எழுத்து சி என்றே இருக்கும் என்று எண்ணிவிடாமல், ஒவ்வொரு வட்டாகப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பின் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையால் வட்டைச் சோதியுங்கள். வட்டு பழுதாயிருந்தால் வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. அடுத்து, கான்ஃபிக்கில் உள்ள ஐந்து ஹைவ்களையும் வேறொரு கோப்புறைக்கு நகலெடுத்த பிறகே, ரெக்பேக்கில் உள்ள ஐந்தையும் அவற்றின் இடத்தில் வையுங்கள். ஐந்தும் ஒரே தேதியினவாக இருக்க வேண்டும். ஒன்றின் அளவேனும் சுழியமாகத் தெரிந்தால் இந்த வழியைத் தொடவே கூடாது. கணினி மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னும், ஒதுக்கி வைத்த பழைய ஹைவ்களை ஒரு வாரமாவது அழிக்காதீர்கள்.