ஆவி மர்மத் தொடர் படிக்கிறீர்களா? பென்சிலை எடுத்து வையுங்கள்

விக்டோரியா காலத்து லண்டனில் நடக்கும் ஆவி மர்ம நாவல் தொடர்கள் என்றால் எனக்கு உயிர். அவற்றை முதல் பாகத்திலிருந்து வரிசையாகப் படியுங்கள். துப்பறிபவரின் நம்பிக்கையும் சந்தேகமும் பாகத்துக்குப் பாகம் மாறும். நடுவில் நுழைந்தால் அந்தச் சுவை போய்விடும்.

அப்புறம், ஆவியை வரவழைக்கும் காட்சி வந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு தாளில் வட்ட மேஜை வரைந்து, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று குறியுங்கள். விளக்கை அணைத்தது யார்? மீடியத்தின், அதாவது ஆவிகளோடு பேசுவதாகச் சொல்பவரின், கைகளைப் பிடித்திருப்பது யார்? அந்தக் காலத்து மீடியம்கள் சிலர், இருட்டில் இரண்டு பக்கத்து ஆட்களையும் தங்கள் ஒரே கையைத் தொட வைத்துவிட்டு, மறு கையை மெல்ல உருவிக்கொள்வார்கள். மேஜை மேல் மணி அடிப்பது அந்தக் கைதான்! இது தெரிந்து படித்தால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி பேசும்.

கதை நடக்கும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 1848-இல் நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் ஆவியின் பதில் என்று கேட்கவைத்த தட்டல் சத்தத்தில்தான் ஆவிகளோடு பேசும் இந்த அலை கிளம்பியது. 1882-இல் இவற்றை ஆராய லண்டனில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். 1888-இல் மார்கரெட் ஃபாக்ஸ் மேடையேறி, கால்விரல் மூட்டைச் சொடுக்கி அதே சத்தத்தை எழுப்பிக் காட்டினார். மறு வருடமே அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உங்கள் கதை 1888-க்கு முன்பா, பின்பா?