பிளெண்டரில் கேமராவுக்குக் கைநடுக்கம் கொடுப்பது எப்படி: நாய்ஸ் மாடிஃபையர், படிப்படியாக

பிளெண்டர் என்ற முப்பரிமாண (3D) மென்பொருளில் புதிதாக அனிமேஷன் செய்பவர்களின் கேமரா பெரும்பாலும் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் நகரும். மாடலும் ஒளியமைப்பும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அங்கே ஓர் ஆள் நின்று படம் பிடிக்கிறார் என்ற நம்பிக்கை பார்ப்பவருக்கு வராது. இதற்குத் தீர்வு மென்பொருளுக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது: அசைவுகளை வளைவுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் உள்ள, வளைவில் ஒழுங்கற்ற ஆட்டம் சேர்க்கும் நாய்ஸ் மாடிஃபையர். கீஃபிரேம் வைக்க, அதாவது ஒரு ஃபிரேமில் ஒரு மதிப்பைப் பதிந்து வைக்க, தெரிந்திருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கையில் பிடித்த கேமரா இடம் மாறுவதைவிட, திரும்புவதுதான் கண்ணுக்கு அதிகம் தெரியும். சென்சார் அகலம் 36 மி.மீ., லென்ஸ் 35 மி.மீ., படத்தின் அகலம் 1920 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டு அரை டிகிரி திரும்பினால் காட்சி சுமார் 16 பிக்சல் நகர்கிறது. லென்ஸ் 85 மி.மீ. ஆனால் அதே அரை டிகிரிக்குச் சுமார் 40 பிக்சல். தொலைவில் இருக்கும் மலையும் அதே அளவு நகரும். மாறாக, கேமராவை 1 செ.மீ. பக்கவாட்டில் தள்ளினால் அருகில் இருக்கும் மேசை அசையும். மலை அசையவே அசையாது. அதனால் லொக்கேஷனை இப்போதைக்குத் தொடாதீர்கள். ரொட்டேஷனில்தான் வேலை.

படி 1: இரண்டாவது கேமரா

நடுக்கத்தை உங்கள் அசல் கேமராவின் மேலேயே போட வேண்டாம். ஷிஃப்ட் ஏ அழுத்திப் புதிய கேமரா ஒன்றைச் சேருங்கள். முதலில் புதியதையும், பிறகு ஷிஃப்டோடு பழையதையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் பி (P) அழுத்தி, 'ஆப்ஜெக்ட் வித்அவுட் இன்வர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்பு புதிய கேமராவை மட்டும் தேர்ந்தெடுத்து ஆல்ட் ஜி, ஆல்ட் ஆர். இப்போது அது பழைய கேமராவின் இடத்திலேயே, அதே திசையைப் பார்த்தபடி நிற்கும்; பழையது நகர்ந்தால் கூடவே நகரும். ஆப்ஜெக்ட் டேட்டா பகுதியில் பழைய கேமராவின் டேட்டாவையே இதற்கும் கொடுத்துவிட்டால் லென்ஸும் ஃபோகஸும் இரண்டுக்கும் ஒன்றாகிவிடும். கன்ட்ரோலோடு நம்பர்பேட் 0 அழுத்திப் புதியதை நடப்புக் கேமரா ஆக்குங்கள்.

இந்த ஏற்பாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாதை பழைய கேமராவில், நடுக்கம் புதியதில் என்று பிரிந்துவிடுவதால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடாது. அச்சுகளும் தெளிவாகிவிடும்: எக்ஸ் மேலும் கீழும் நிமிர்வது, ஒய் இடமும் வலமும் திரும்புவது, இசட் பக்கவாட்டில் சாய்வது.

படி 2: நாய்ஸ்

என் (N) விசையால் திறக்கும் பக்கப்பட்டையில் ரொட்டேஷன் எண்களின் மேல் சுட்டியை வைத்து ஐ (I) அழுத்துங்கள். ஒரே ஒரு கீஃபிரேம் போதும். அது இல்லாவிட்டால் மாடிஃபையரைப் பொருத்த வளைவே இருக்காது. கிராஃப் எடிட்டரில் எக்ஸ் வளைவைத் தேர்ந்தெடுத்து, பக்கப்பட்டையின் மாடிஃபையர்ஸ் பிரிவில் நாய்ஸைச் சேருங்கள்.

சேர்த்தவுடன் படம் தாறுமாறாக உதறும். ஆட்டத்தின் அளவைக் குறிக்கும் ஸ்ட்ரெங்த் 1 என்று இருப்பதுதான் காரணம். ரொட்டேஷனில் அந்த எண் ரேடியன் கணக்கு. 1 ரேடியன் என்பது சுமார் 57 டிகிரி. ஒரு டிகிரிக்கு 0.0175 என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் என்பது வேகம் அல்ல, அதற்கு நேர் எதிர்: எண் கூடக்கூட ஆட்டம் மெதுவாகும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் காட்சியில் எக்ஸுக்கு ஸ்கேல் 60, ஸ்ட்ரெங்த் 0.02 என்று தொடங்குங்கள்.

படி 3: ஃபேஸ் (அவசரப்படாமல் படியுங்கள்)

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். எக்ஸில் சரிசெய்த மாடிஃபையரை நகலெடுத்து ஒய்யிலும் இசட்டிலும் ஒட்டுவது வழக்கம். ஒட்டிய பிறகு ஓட்டிப் பாருங்கள். கேமரா ஆடும், ஆனால் இயற்கையாக இருக்காது. திரையின் ஓரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு மூலையை, உதாரணமாக ஒரு ஜன்னல் சட்டத்தின் நுனியை, கண்ணால் பின்தொடருங்கள். அது ஒரே சாய்கோட்டில் மேலே போய்க் கீழே வருவது தெரியும். மூன்று வளைவுகளும் ஒரே வடிவம் என்பதால் கேமரா நிமிரும்போதெல்லாம் அதே அளவில் திரும்பவும் செய்கிறது. கையில் பிடித்த கேமரா ஒருபோதும் அப்படி அசைவதில்லை.

இதற்குத்தான், வளைவின் வடிவத்தையே மாற்றும் ஃபேஸ் என்ற எண். மூன்றுக்கும் வெவ்வேறு ஃபேஸ் கொடுங்கள். 1, 2, 3 என்று கொடுத்தால் போதாது. ஸ்கேல் பெரிதாக இருக்கும்போது இவ்வளவு சிறிய வேறுபாடு வளைவில் தெரியாமலே போகலாம். 50, 200, 450 என்று தாராளமாக இடைவெளி விடுங்கள். பிறகு கிராஃப் எடிட்டரில் மூன்று வளைவுகளையும் ஒன்றாகப் பாருங்கள். மேடுகள் ஒரே ஃபிரேமில் வரிசையாக நின்றால் இன்னும் விலக்குங்கள். ஸ்கேலையும் 60, 75, 90 என்று சற்றே மாற்றலாம். இசட்டின் ஸ்ட்ரெங்த் மற்ற இரண்டில் மூன்றிலொரு பங்கைத் தாண்ட வேண்டாம். அடிவானம் அதிகம் சாய்ந்தால் பார்ப்பவருக்குத் தலைசுற்றும்.

அடுத்து, எக்ஸிலும் ஒய்யிலும் இரண்டாவது நாய்ஸ் ஒன்றைச் சேருங்கள்: ஸ்கேல் 7, ஸ்ட்ரெங்த் 0.002. முதலாவது உடலின் மெல்லிய அசைவு, இரண்டாவது விரல்களின் நடுக்கம். இவற்றுக்கும் ஃபேஸ் தனித்தனியே.

நடந்துகொண்டே எடுப்பதுபோல் வேண்டுமானால்

நடையில் ஒழுங்கான தாளம் உண்டு. அதற்கு நாய்ஸ் மட்டும் உதவாது. சாதாரண நடையில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு எட்டு, அதாவது 12 ஃபிரேமுக்கு ஒன்று. லொக்கேஷனைத் தொட வேண்டிய இடம் இதுதான். லொக்கேஷனுக்கும் ஒரு கீஃபிரேம் வைத்து, ஒய் வளைவில் பில்ட்இன் ஃபங்ஷன் மாடிஃபையரைச் சேர்த்து, சைன் தேர்ந்தெடுத்து, ஆம்ப்ளிட்யூட் 0.02, ஃபேஸ் மல்டிப்ளையர் 0.524 கொடுங்கள். எக்ஸ் வளைவில் அதன் பாதி வேகம், 0.262; ஏனென்றால் இடக்கால் வலக்கால் இரண்டும் சேர்ந்தால்தான் பக்கவாட்டு அசைவு ஒரு சுற்று முடியும். இரண்டிலும் அடிட்டிவ் பெட்டியைக் குறியிடுங்கள். மேலே மெல்லிய நாய்ஸ் ஒன்று இருந்தால் தாளம் இயந்திரத்தனமாகத் தோன்றாது.

வெடிப்பு போன்ற தருணங்களுக்கு, மாடிஃபையரைக் குறிப்பிட்ட ஃபிரேம்களுக்குள் மட்டும் இயங்க வைக்கும் ரெஸ்ட்ரிக்ட் ஃபிரேம் ரேஞ்ச் இருக்கிறது. பிளெண்ட் இன் 1, பிளெண்ட் அவுட் 30 என்று வைத்தால் சட்டென்று அதிர்ந்து மெல்ல அடங்கும். வெடிப்பு 170 மீட்டர் தள்ளி நடக்கிறதா? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வருகிறது. எனவே ஒளி தெரிந்து 12 ஃபிரேம் கழித்து அதிர்வைத் தொடங்குங்கள். இந்த இடைவெளிதான் வெடிப்பின் தூரத்தை உணர வைக்கும்.

ரெண்டர் அமைப்பில் மோஷன் பிளரை (வேகமாக அசைவதை மங்கலாக்கிக் காட்டும் வசதி) இயக்க மறக்காதீர்கள். ஷட்டர் 0.5 போதும். அது இல்லாவிட்டால் வேகமான நடுக்கம் வெட்டி வெட்டித் தெரியும்.

கேமரா ஷேக்கிஃபை என்ற ஆட்ஆனும் (பிளெண்டரோடு சேர்க்கும் கூடுதல் கருவி) இருக்கிறது. உண்மையான கேமரா அசைவுகளைப் பதிவுசெய்து வைத்திருக்கும் நல்ல கருவி. அவசர வேலைக்கு அதையே பயன்படுத்தலாம். ஆனாலும் ஒரு முறையாவது கையால் செய்து பாருங்கள். எந்த எண் எதை அசைக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் ஆட்ஆனின் அளவுகளும் வசப்படும்.

பின்சேர்க்கை: "எல்லாம் செய்தும் கேமரா அசையவில்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். இரண்டு காரணங்கள் தென்பட்டன. ஒன்று, புதிய கேமராவில் ட்ராக் டூ கன்ஸ்ட்ரெய்ன்ட் (கேமராவை எப்போதும் ஒரு பொருளையே பார்க்க வைக்கும் கட்டுப்பாடு) இருப்பது. அது ரொட்டேஷனைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வதால் நாய்ஸ் வெளியே தெரியாது. அதைப் பழைய கேமராவுக்கு மாற்றுங்கள். மற்றொன்று, டைம்லைனில் பழைய கேமராவோடு பிணைத்த மார்க்கர். அந்த ஃபிரேமை அடைந்ததும் அது பழைய கேமராவுக்கே மாற்றிவிடும். புதிய கேமராவையும் அந்த மார்க்கரையும் தேர்ந்தெடுத்து, டைம்லைனில் கன்ட்ரோல் பி (இம்முறை B) அழுத்தி மறுபடி பிணையுங்கள்.