பால்கனி அறைக்குப் பாயுமுன்: கப்பல் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை பினாங்கு லெபோ பாசாரில் இருக்கும் எங்கள் பயணச்சீட்டுக் கடைக்கு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். முதல் கப்பல் பயணம். தம்பி கைப்பேசியை நீட்டினார். கப்பல் நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல். "அக்கா, 300 வெள்ளி கூடக் கொடுத்தா பால்கனி ரூம் கிடைக்குமாம். போட்டுட்டேன்," என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. 2018இல் அதே சந்தோஷத்தோடு அதே பொத்தானை அழுத்தியவள் நான்.

பதினாறு வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன், நானும் கப்பல் ஏறுகிறேன். கடவுச்சீட்டுக்கு ஆறு மாதம் ஆயுள் இருக்க வேண்டும், வாந்தி மாத்திரை எடுத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் அறை விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பணம் அதிகம் வீணாவது அங்கேதான்.

பகல் வெளிச்சத்தைக் கணக்குப் பார்க்காதது

பெரிய கப்பல்களில் அறைகள் நாலு வகை. ஜன்னலே இல்லாத உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, எல்லாவற்றுக்கும் மேலே ஸ்வீட் எனும் சொகுசு அறை. விலைப்பட்டியலைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு வித்தியாசம்?" நான் திருப்பிக் கேட்பது, "எத்தனை மணி நேரம் அங்கே உட்காருவீங்க?"

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பும் நாலு இரவுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் கப்பல் கிளம்பும்போதே சாயங்காலம் ஆகிவிடும், கொஞ்ச நேரத்தில் இருட்டு. மறுநாள் பாதிப் பகல் கடல், பாதிப் பகல் கரை. மூன்றாம் நாள் புக்கெட்டில் ஊர் சுற்றல். நாலாம் நாள்தான் முழுப் பகலும் கடலில். அன்றைக்கும் பசியாற, நீச்சல் குளம், மதியச் சாப்பாடு, ஒரு தூக்கம், இரவு நிகழ்ச்சிக்கு அலங்காரம். பால்கனி நாற்காலியில் நீங்கள் உண்மையில் உட்காரும் நேரம் மொத்தம் ஆறு மணி நேரம் தேறினால் அதிகம். ஆளுக்கு 700 வெள்ளி வித்தியாசம் என்றால் இரண்டு பேருக்கு 1,400. ஒரு மணி நேரம் உட்கார 200 வெள்ளிக்கு மேல். அதுவும் மலாக்கா நீரிணை வெயிலில். வடமேற்காகப் போகும்போது மதியத்துக்கு மேல் இடப்பக்கப் பால்கனி அடுப்படி மாதிரி இருக்கும்.

பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு வேடிக்கை. சிங்கப்பூர் வரை போய்க் கப்பல் ஏறி, நம் ஊரையே பார்க்க வருகிறோம். சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் நிற்கும்போது ஒரு பக்கப் பால்கனிக்கு மணிக்கூண்டும் கோர்ன்வாலிஸ் கோட்டையும், மறுபக்கத்துக்குப் பட்டர்வொர்த் கொள்கலன் துறைமுகம். இரண்டையும் நாம் தினம் பார்க்கிறோம். போன வருடம் நான் அனுப்பிய ஒரு குடும்பம் அன்றைக்குக் கப்பலை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டு, துணி காய்ந்ததை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி ஏறியது.

எனக்குப் பால்கனி வேண்டாத பொருள் இல்லை. ஏழு எட்டு நாள் பயணம், அதில் கடல் நாட்கள் அதிகம் என்றால் எடுங்கள். குழந்தை மதியம் தூங்கும்போது கூடவே இருட்டில் உட்கார வேண்டிய தாய்க்கும், நீண்ட தளங்களில் நடக்க முடியாத தாத்தாவுக்கும் அது பெரிய உபகாரம். அலாஸ்கா மாதிரி வழி முழுக்கக் காட்சி என்றால் கேட்கவே வேண்டாம். நாலு இரவுக்கு, ஓடி ஆடும் வயசுக்காரர்களுக்கு, நான் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

வகையைக் கேட்டுவிட்டு இடத்தைக் கேட்காதது

கப்பல் அலையில் ஏறி இறங்குவது பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை மாதிரி. நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் தெரியாது, முனையில் இருப்பவன்தான் பறப்பான். நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கும் சாதாரண அறை, மேலே மூக்கு முனையில் இருக்கும் விலை கூடிய அறையைவிட நிம்மதி.

சத்தமும் அப்படித்தான். உங்கள் அறைக்கு நேர் மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசைதான் உங்களுக்கு அலாரம். கீழே அரங்கமோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். கப்பலின் வரைபடம் இணையத்தில் கிடைக்கும். உங்கள் அறைக்கு மேலும் கீழும் படுக்கை அறைகளே இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். பக்கத்து அறைக்குள் போகும் இணைப்புக் கதவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தார் பேசுவது காதில் விழும். சொந்தக்காரர்களாக இருந்தால் வசதி, அதுவும் சண்டை இல்லாத சொந்தமாக இருந்தால்.

ஏலம் கேட்பது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

முன்பதிவெல்லாம் முடிந்து, பயணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வரும். காலியாகக் கிடக்கும் உயர்ந்த வகை அறைக்கு நீங்கள் ஒரு தொகை சொல்லலாம், பிடித்தால் நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். திரையில் ஒரு குமிழை வலப்பக்கம் தள்ளத் தள்ள, ஊசி சிவப்பிலிருந்து பச்சைக்கு ஏறும். அந்தப் பச்சையைப் பார்த்தால் கை நிற்காது.

2018 டிசம்பர். சிங்கப்பூரிலிருந்து வியட்நாமின் ஃபூ மீ துறைமுகம் வரை போய்த் திரும்பும் பயணம். அம்மாவுக்கு அப்போது 71 வயது, முட்டி வலி வேறு. அதனால் ஐந்தாம் தளத்தில், கப்பலின் நடுவில், லிஃப்டுக்குக் கிட்டே ஒட்டினாற்போல இரண்டு ஜன்னல் அறைகளைப் பிடித்திருந்தேன். ஒன்றில் அம்மாவும் தங்கையும், இன்னொன்றில் நானும் வீட்டுக்காரரும். அந்தக் கப்பலில் அம்மாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மின்னஞ்சல் வந்ததும் அம்மாவுக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று அவர் அறைக்கு மட்டும் ஏலம் கேட்டேன். குமிழை 300 வெள்ளிக்குத் தள்ளினேன்.

ஒரு வாரம் கழித்து வாழ்த்துச் செய்தி. கூடவே கடன் அட்டையிலிருந்து 600 வெள்ளி போய்விட்டது. தொகை ஆளுக்கு. சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் சின்ன எழுத்தைப் படித்துச் சொல்கிற நான் அதைப் படிக்கவில்லை.

பணத்தைக்கூட விடுங்கள். புது அறை பன்னிரண்டாம் தளத்தில், மூக்கு முனையிலிருந்து மூன்றாவது கதவு. ஏலத்தில் ஜெயித்தால் வகை மட்டும்தான் உங்களுக்கு உறுதி. எந்த எண், எந்தத் தளம், எந்த முனை என்பது அவர்கள் இஷ்டம். வேண்டாம் என்று திருப்பவும் முடியாது. நான் நாலு மாதத்துக்கு முன்பே வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

டிசம்பரில் தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று. சிங்கப்பூரிலிருந்து வியட்நாம் போகும் கப்பல் கிட்டத்தட்ட அந்தக் காற்றின் முகத்துக்கு நேராகத்தான் போகிறது. அலையில் மூக்கு ஏறி விழுந்துகொண்டே இருக்கும். பெரிய கப்பல்களின் இரு பக்கமும் நீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைநிறுத்திகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். மூக்கு ஏறி இறங்குவதற்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பிறகும்தான் குமிழைத் தள்ளினேன்.

முதல் இரவு பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். தங்கை தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்கிறார், கையில் வாந்திப் பை. "கட்டில் மேலே போவுது, நான் கீழே இருக்கேன்" என்றார். அவர்கள் இருவரையும் எங்கள் அறையில் படுக்கவைத்துவிட்டு நாங்கள் பன்னிரண்டாம் தளத்துக்குப் போனோம். காற்றுக்குப் பயந்து பால்கனிக் கதவுகளைத் திறக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். கதவிடுக்கில் ராத்திரி முழுக்க விசில். காலையில் வரவேற்பு மேசையில் போய் அறை மாற்றக் கேட்டேன். கப்பல் நிறைந்துவிட்டது என்றார்கள். 600 வெள்ளிப் பால்கனியில் நான் நின்றது ஃபூ மீயில் கப்பலைத் துறையில் கட்டியிருந்தபோது, ஓர் இருபது நிமிடம். எதிரே கிரேன்கள்.

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியதால் ஆட்டம் குறைந்தது. ஆனாலும் அம்மா மேலே வர மறுத்துவிட்டார். "எங்கப்பா நாகப்பட்டினத்துலேர்ந்து ரஜுலாவுல டெக்குலயே படுத்து வந்தாரு. அவருக்குப் பால்கனி சும்மாவே கிடைச்சுது," என்றார். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை மெட்ராஸுக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் நடுவே ஓடி, நம் தாத்தாக்களை மேல்தளத்தில் அள்ளிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் செலவுப் பேச்சு வந்தாலும் அம்மா ரஜுலாவைத்தான் இழுக்கிறார்.

ஏலம் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த உயர்ந்த வகையில் இருக்கும் மிக மோசமான அறை கிடைத்தாலும் பரவாயில்லை என்றால் மட்டும் கேளுங்கள். திரையில் தெரியும் தொகையை இரண்டால் பெருக்கிவிட்டுக் குமிழைத் தொடுங்கள். பார்த்துப் பார்த்து எடுத்த அறை, சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருக்கும் அறை, வயசானவர் அறை, இந்த மூன்றையும் ஏலத்தில் விடாதீர்கள். பால்கனி வேண்டும் என்றே ஆசை என்றால் நிறுவனத்தையோ முகவரையோ கூப்பிட்டு இன்றைய விலை வித்தியாசத்தைக் கேளுங்கள். அந்த வழியில் மாறினால் அறை எண்ணை நீங்களே பார்த்து எடுக்கலாம். சில நேரம் ஏலத் தொகைக்கும் அதற்கும் பெரிய தூரம் இருக்காது.

ஜன்னல் என்றால் கடல் என்று நம்புவது

உயிர்காப்புப் படகுகள் எங்கேயாவது தொங்கத்தானே வேண்டும். காட்சி மறைக்கப்பட்டது என்று போட்டிருந்தால் உங்கள் ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிறப் படகின் முதுகு. வெளிச்சம் மட்டும் போதும் என்பவர்களுக்கு நல்ல பேரம்.

நாலு பேரையும் ஒரே பால்கனி அறையில் அடைப்பது

மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதால் அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்று ஒரே அறையில் நுழைகிறார்கள். ஒரே குளியலறை. கூரையிலிருந்து இறங்கும் மேல்கட்டில். மூன்றாம் நாள் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எதிரெதிரே ஒரு பால்கனி அறையும் ஓர் உள் அறையும் எடுத்துப் பாருங்கள். பால்கனியில் பெரியவர்கள் தூங்கட்டும், பகலில் எல்லோரும் அங்கேயே கூடலாம், குளியலறை இரண்டு. ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும், பெயர் பதியும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகிறவர் கவனிக்க: விளம்பர விலை, அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் ஆளுக்கு எவ்வளவு என்பது. ஒருவரே இருந்தால் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணம் வந்து நிற்கும்.

உள் அறையை மட்டமாக நினைப்பது

நல்ல இருட்டு, நல்ல தூக்கம். ஆபத்து ஒன்றுதான், விடிந்ததே தெரியாது. தொலைக்காட்சியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடும் அலைவரிசை இருந்தால் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் படுங்கள், விடியும்போது திரை வெளுக்கும். சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் நாலு காந்தக் கொக்கி கொண்டுபோனால் தொப்பி, பை எல்லாம் தொங்கும்.

பால்கனியில் சிகரெட்

பெரும்பாலான கப்பல்களில் தடை. அபராதம் அறைக் கணக்கில் ஏறும்.

ஸ்வீட்

தனி உணவகம், தனி வரிசை, தனி ஊழியர். அதையெல்லாம் பயன்படுத்துகிற ஆளா நீங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

அந்தத் தம்பியிடம், "கூட யாராவது வர்றாங்களா?" என்று கேட்டேன். மாமியாராம். பக்கத்து அறை, கீழ்த்தளம், இவர்களே கேட்டு வாங்கியது. ஏலம் இன்னும் ஏற்கப்படவில்லை. ஏற்கும்வரை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கடையில் உட்கார்ந்தபடியே எடுத்துவிட்டார். மனைவி மின்னஞ்சலை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். "அப்ப அம்மா பக்கத்து ரூம்தானே, மாறாதே?" என்றார்.

மாறாது என்றேன்.