ஹோங் லிம் பூங்காவுக்குக் கிளம்பும் முன்

சிங்கப்பூரில் லாரியின் பின்புறத்தில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வதை எதிர்த்துக் கூட்டம் போட எங்கள் புளோக்குப் பிள்ளைகள் துடிக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒழுங்கு முறை தெரியாமல் இறங்கினால், லாரியை விட்டுவிட்டு ஊரே உங்களைப் பற்றித்தான் பேசும்.

காவல்துறை அனுமதி இல்லாமல் ஆர்ப்பாட்டம் செய்யக்கூடிய இடம் ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கம் ஒன்றுதான். 2008 முதல் இந்த ஏற்பாடு. தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் குடியுரிமை உள்ள ஒருவர் பதிவு செய்ய வேண்டும். தேர்தல் நேரமா என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். அப்போது இந்தச் சலுகையை நிறுத்தி வைப்பது வழக்கம்.

இனி ஆட்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கலந்துகொள்ளலாம். யாருக்காகப் பேசுகிறோமோ, லாரியில் போகும் அந்த ராமநாதபுரத்துத் தம்பி வெளிநாட்டவர், அதனால் வரக் கூடாது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனாலும் "ஓரமாக நின்று பார்க்கட்டுமே" என்று அவரை அழைத்துவிடாதீர்கள். சட்டம் அதையும் கலந்துகொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். 2017இல் அதே பூங்காவில் ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு ஆதரவாக நடந்த பிங்க் டாட் கூட்டத்தைச் சுற்றித் தடுப்பு போட்டு, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். நமக்கு அபராதத்தோடு போகலாம். அவருக்குப் பிழைப்பே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) அவரோடு உட்கார்ந்து தேநீர் குடியுங்கள். மழையில் நனைந்த கதையைக் குறித்துக்கொண்டு, பெயர் சொல்லாமல் நீங்கள் மேடையில் வாசியுங்கள்.

தமிழிலேயே பேசலாம், அதிகாரத்துவ மொழிதானே. சமயத்தைத் தொடாதீர்கள். இனங்களுக்கிடையே பகை மூட்டும் பேச்சும் கூடாது. நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்: "முதலாளி" என்று தொடங்குவார்கள், இரண்டாவது வரியிலேயே அவருடைய இனத்தை இழுத்துவிடுவார்கள். லாரியில் ஆள் ஏற்றும் தமிழ் முதலாளிகளை எனக்கே தெரியும், அப்பா!

ஒலிபெருக்கிக்குக் காலை 9 முதல் இரவு 10.30 வரை நேரம்.

கூட்டம் முடிந்ததும் பதாகைகளைப் பூங்காவுக்குள்ளேயே சுருட்டிப் பையில் போடுங்கள். அவற்றைத் தூக்கிப் பிடித்தபடி கிளார்க் கீ ரயில் நிலையத்துக்கு நடந்தால், அது அனுமதியில்லாத ஊர்வலமாகிவிடும். தனியாக நடந்தாலும் அப்படித்தான். கலந்துகொண்டவருக்கு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஏற்பாடு செய்தவருக்கு 5,000 வெள்ளி வரை முதல்முறை அபராதம் விதிக்கலாம்.