நெம்புகோல் பாடம் மண்டையில் ஏறவில்லையா?

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு: கபடியில் புலி, தியரி என்றால் தூக்கமா? "நான் செஞ்சு பார்த்துக் கத்துக்கிற ரகம்" என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னர் 1983-இல் முன்வைத்த உடல்சார் அறிவுத்திறன் (உடம்பைத் திறமையாகப் பயன்படுத்தும் ஆற்றல்) வேறு, 'எனக்கு இந்த வழியில்தான் பாடம் ஏறும்' என்கிற கற்றல் பாணி வேறு. அவரே சொன்னதுதான்.

உடம்பைப் பாடத்துக்குள் இழுங்கள். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நில்லுங்கள். தரையில் ஊன்றிய இடம் ஆதாரப்புள்ளி, கணுக்காலில் இறங்கும் உடல் எடை பளு, குதிகாலை மேலே இழுக்கும் கெண்டைக்கால் தசை தருவது விசை. சரி, பளு நடுவில் இருக்கும் இரண்டாம் வகை நெம்புகோல் முடிந்தது. டம்பெல் தூக்கும் முன்கை, விசை நடுவில் இருக்கும் மூன்றாம் வகை.

அப்புறம், அறுவடை முடிந்த வயலோ மைதானமோ, புத்தகம் பார்க்காமல் குச்சியால் மண்ணில் இந்த நெம்புகோல்களை வரைந்து பெயர் குறியுங்கள். விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் பார்த்தால் போதும்.